நங்கூரம் பாய்ச்சும் முன்

சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஒரு பழைய துறைமுகம் உண்டு. அதையொட்டிய லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டி வைத்தது. மரக்கலத்தில் வருகிறவர்கள் கஸ்தூரியின் விலையைக் கணக்கிட்டு, அதற்குரிய பொன்னைக் கட்டிய பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம் என்பது அதில் சொல்லப்படும் ஏற்பாடு. அதே ஐந்நூற்றுவரின் பெயர், சோழர் எழுச்சியின் தொடக்கக் காலத்ததாகக் கருதப்படும் ஒரு கல்வெட்டில், நம் புதுக்கோட்டை மாவட்டத்து முனசந்தையிலும் இருக்கிறது. பக்கத்து நார்த்தாமலை அன்றைக்குத் தெலுங்குகுலகாலபுரம் என்ற பெயரில் நகரத்தார் சபை நடத்திய வணிக ஊர்.

இதே மாவட்டத்து இலுப்பூரில் நின்று பார்த்தால் கண்மாய், பாறை, பொட்டல். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மாவட்டத்தையே குறுக்கே கடந்து மணமேல்குடிக்கோ கோட்டைப்பட்டினத்துக்கோ போக வேண்டும். இந்த மேட்டுநிலத்தில் கிளை வைத்திருந்த கூட்டம்தான் கடலுக்கு அப்பால் ஒரு துறைமுகத்தில் யார் எப்போது கரையேறலாம் என்று விதி வகுத்தது. கப்பல் வருவதற்கு முன்பே விதி கல்லில் இருந்தது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய செய்தி.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். 2025-ன் தொடக்கத்தில், கன்னியாகுமரிக்கு அப்பால் உள்ள 3 ஆழ்கடல் வட்டாரங்களில் எண்ணெய், எரிவாயு தேடும் உரிமை ஓ.என்.ஜி.சி.க்குக் கிடைத்தது. மூன்றும் சேர்ந்து 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். குமரி மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாநிலத்தின் மற்ற பகுதிகளில் செய்தி ஒரு நாளோடு முடிந்துவிட்டது. அங்கே எரிவாயு இருக்கிறதா என்பது கிணறு தோண்டிய பிறகுதான் தெரியும். இருந்தால் என்ன வரும் என்பதை மட்டும் இப்போதே ஓரளவு சொல்லலாம். அவ்வளவு ஆழத்தில் கடலடியில் கால் ஊன்றி மேடை கட்ட முடியாது. பெரும்பாலும் மிதக்கும் ஆலையைக் கொண்டுவந்து, கடலடியோடு சங்கிலி போட்டுக் கட்டித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை 'மூரிங்' என்பார்கள்.

எரிவாயுவுக்காக உலகம் இதைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. எரிவாயுவைக் கடலிலேயே மைனஸ் 162 டிகிரி வரை குளிரவைத்தால் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்படியே கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாம். இந்த வகை ஆலையை முதலில் ஓடவிட்டது மலேசியாவின் பெட்ரோனாஸ். அதன் 'பிஎஃப்எல்என்ஜி சாத்து' 2016 டிசம்பரில் சரவாக் கடலில் முதல் திரவத்தை எடுத்தது. ஷெல் நிறுவனத்தின் 'பிரிலூட்' 488 மீட்டர் நீளம். 2017 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடலுக்கு வந்து, 16 சங்கிலிகளில் கட்டப்பட்டது. முதல் சரக்கு கிளம்பியதோ 2019 ஜூனில். மொசாம்பிக்கின் 'கோரல் சுல்' 2022 ஜனவரியில் வந்தது. 2,000 மீட்டர் ஆழத்தில் 20 வடங்களால் கட்டினார்கள். அந்த வடங்களின் எடை மட்டும் 9,000 டன். அங்கேயும் முதல் சரக்கு நவம்பரில்தான் கிளம்பியது.

கப்பல் வந்த நாளைத்தான் பத்திரிகைகள் படம் பிடிக்கும். வேலை அதற்கு வெகு நாள் முன்பே தொடங்கியிருக்கும். முதலில் ஒலி அலை அனுப்பிக் கடலடியை வரைபடமாக்குகிறார்கள். மேடு, பள்ளம், சரிவு, பழைய மண்சரிவின் தழும்பு எல்லாம் அதில் தெரிய வேண்டும். பிறகு குழாயை இறக்கி மண் எடுத்துச் சோதிக்கிறார்கள். வங்கக்கடலில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். கங்கையும் கோதாவரியும் கிருஷ்ணாவும் காலகாலமாகக் கொண்டுவந்து கொட்டிய சேறு அது. கொக்கி நங்கூரத்தை அதில் போட்டால் எவ்வளவு பிடிக்கும் என்று ஊகத்தில் சொல்ல முடியாது.

ஆழ்கடலில் பெரும்பாலும் 'சக்‌ஷன் பைல்' என்ற எஃகு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். மேலே மூடி, கீழே திறப்பு. அதைச் சேற்றில் நிமிர்த்தி வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பம்ப் போட்டு வெளியேற்றுவார்கள். உள்ளே அழுத்தம் குறையக் குறைய, வெளியே உள்ள கடலின் அழுத்தமே உருளையைக் கீழே தள்ளிப் புதைத்துவிடும். சுத்தியல் இல்லை, இடி இல்லை. மனிதன் போக முடியாத ஆழம் என்பதால், கேமராவும் கையும் உள்ள ஒரு இயந்திரம் இறங்கிப் பார்க்கும். உருளை சாய்ந்துவிட்டால் பிடுங்கி மறுபடி வைக்க வேண்டும். பிறகு சங்கிலி, நடுவில் எடை குறைந்த பாலியெஸ்டர் வடம், மேலே மறுபடி சங்கிலி. இவற்றைக் கடலடியில் கிடத்தி, நுனியில் மிதவை கட்டி, கப்பல் வரும்வரை விட்டுவைக்கிறார்கள். கப்பல் வந்ததும் இழுவைக் கப்பல்கள் நாலா பக்கமும் பிடித்து அதை அசையாமல் நிறுத்த, ஒவ்வொரு வடமாக மேலே எடுத்து மாட்டுவார்கள். அமைதியான கடல் வேண்டும். வங்கக்கடலில் அந்த வாய்ப்பு வாடைப் புயல்கள் ஓய்ந்த தை மாதத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரைதான். அதைத் தவறவிட்டால் திட்டமே மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

பல கப்பல்களில் எல்லா வடங்களும் முன்பக்கத்தில் உள்ள ஒரு சுழல் கோபுரத்தில்தான் மாட்டப்படும். முளைக்குச்சியில் கட்டிய மாடு போல, காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் கப்பல் திரும்பிக்கொள்ளும். நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலைத் தாங்க வேண்டும், ஒரு வடம் அறுந்தாலும் மீதி வடங்கள் பிடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. எந்தப் புயலை நூறாண்டுப் புயல் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குமரிப் பக்கம் பெரிய புயல் வராது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது. தூத்தூர், சின்னத்துறை வட்டாரங்களில் ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை.

நமக்கு இதெல்லாம் புதிது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் பிஒய்-3 என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. 1988-ல் ஓ.என்.ஜி.சி. கண்டுபிடித்தது. 1997-லிருந்து 2011 ஜூலை வரை அங்கே எண்ணெய் எடுத்தது மிதக்கும் உற்பத்தி நிலையம்தான். 'தஹாரா' என்ற மிதவை நிலையமும், எண்ணெயைச் சேர்த்து வைக்க 'எண்டெவர்' என்ற டேங்கரும் அங்கே கட்டி நிறுத்தப்பட்டிருந்தன. சோழமண்டலக் கரைக்கு எதிரே 14 ஆண்டு ஒரு மிதக்கும் ஆலை நின்றது எத்தனை பேருக்குத் தெரியும்? அருகிலேயே பிஒய்-1 எரிவாயு வயல். 2009-ல் உற்பத்தி தொடங்கியது. அங்கே நிலையான மேடை. குழாய் வழியே பிள்ளைப்பெருமாநல்லூருக்கு வாயு வந்தது. 

இன்னொரு கதையை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 1993-ல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அமைந்தது. கடல் மேற்பரப்பின் வெப்பத்துக்கும் ஆழத்தின் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று அவர்கள் ஒரு சோதனையில் இறங்கினார்கள். 'சாகர் சக்தி' என்ற மிதவைக் கலம். தூத்துக்குடிக்கு அப்பால் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம். 1 மெகாவாட் இலக்கு. அடியிலிருந்து குளிர்நீரை உறிஞ்ச, ஏறத்தாழ 1 மீட்டர் விட்டமும் 1 கிலோமீட்டர் நீளமும் உள்ள பிளாஸ்டிக் குழாய். இத்தனை நீளக் குழாயைக் கடலில் இழுத்துப் போய், நிமிர்த்தி, கலத்தோடு இணைத்து, அந்தக் கலத்தையும் ஆழ்கடலில் கட்டி நிறுத்த வேண்டும். 2001-லும் 2003-லும் நடந்த முயற்சிகளில் குழாய் கைநழுவியது. மின்சாரம் வரவில்லை.

தோல்வி என்று எழுதி அப்போதே கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில், அதே குளிர்நீர் உத்தியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை நிறுவினார்கள். 2007 ஏப்ரலில் சென்னைக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில், அதே 'சாகர் சக்தி'யைக் கட்டி நிறுத்தி, நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் திறன் கொண்ட மிதக்கும் ஆலையை ஓட்டிக் காட்டினார்கள். எண்ணெய்க் கம்பெனியின் கோடிகள் இல்லாத ஒரு அரசு நிறுவனம் இரண்டு முறை இழந்த பிறகு செய்து காட்டிய வேலை இது. இங்குள்ள பொறியியல் கல்லூரிகள் பிரிலூட்டின் நீளத்தைச் சொல்லிக்கொடுப்பதைவிட இதைச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

கட்டு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு கண்ணால் பார்த்திருக்கிறது. 2012 அக்டோபர் 31. நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த நாள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்றிருந்த 'பிரதிபா காவேரி' என்ற டேங்கரை நங்கூரம் பிடிக்கவில்லை. இழுத்துக்கொண்டே போய்ப் பெசன்ட் நகர்க் கரையில் தட்டி நின்றது. உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் 6 பேர் இறந்தார்கள். மறுநாளிலிருந்து ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது, போட்டோ எடுத்துக்கொண்டது. நங்கூரம் ஏன் பிடிக்கவில்லை என்று விவாதித்தவர்கள் குறைவு.

2021 மே 17-இல் நடந்தது இதைவிடக் கொடுமை. மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயல் வேலைக்குப் போன தொழிலாளர்கள் தங்கியிருந்த 'பி-305' பார்ஜ், தௌக்தே புயலில் நங்கூரங்கள் அறுந்து அடித்துச் செல்லப்பட்டு, ஆளில்லா மேடை ஒன்றில் மோதி மூழ்கியது. இருந்தவர்கள் 261 பேர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 186. அதே புயலில் மூழ்கிய 'வரப்பிரதா' இழுவைப் படகையும் சேர்த்துப் பலி 86. புயல் எச்சரிக்கை நாள்கணக்கில் முன்பே வந்திருந்தது. கடல்சார் எண்ணெய்ப் பணிகளின் பாதுகாப்புக்கு 2008-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. விதி புத்தகத்தில் இருந்தது, ஆட்கள் கடலில் இருந்தார்கள்.

இந்த 261 பேரைப் போன்றவர்கள் நமக்கு அந்நியர் அல்ல. இலுப்பூர், அன்னவாசல், கீரனூர் பக்கம் திருச்சிக்குப் போய் வெல்டிங் கற்று, 'டெஸ்ட் அடித்து', சிங்கப்பூர் ஷிப்யார்டுக்குப் போனவர் இல்லாத தெரு குறைவு. உலகத்தின் மிதக்கும் எண்ணெய், எரிவாயுக் கப்பல்களில் பல சிங்கப்பூரிலும் தென்கொரியாவிலும் கட்டப்படுகின்றன, அல்லது பழைய டேங்கரிலிருந்து மாற்றிக் கட்டப்படுகின்றன. இப்படிப்பட்ட ஒரு கப்பல்தான் காக்கிநாடாவுக்கு அப்பால் ஓ.என்.ஜி.சி.யின் 98/2 வயலில் நிற்கும் 'ஆர்மடா ஸ்டெர்லிங் 5'. அது 2023 ஜனவரியில் வந்து சேர்ந்தது. முதல் எண்ணெய் 2024 ஜனவரி 7-இல் எடுத்தார்கள். 2021 நவம்பரிலேயே எடுப்பதாக இருந்த எண்ணெய் அது. இந்தக் கடல் வேலையில் மழை பார்க்காத மேட்டுநிலத்துப் பிள்ளைகளின் வியர்வை உண்டு. வேலையின் லாபநட்டத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் அவர்கள் ஊருக்கு உண்டு.

பேசத் தெரியாத மாவட்டமும் இல்லை இது. 2017 பிப்ரவரி 15-இல் மத்திய அமைச்சரவைக் குழு சிறிய ஹைட்ரோகார்பன் வயல்களுக்கான 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் தந்தது. அதில் ஒன்று நம் நெடுவாசல். அடுத்த நாளே ஊர் கூடியது. பிறகு அது தமிழ்நாட்டின் போராட்டமானது. 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. நிலத்துக்கு ஒரு வேலி கிடைத்தது. அந்த வேலி கடலுக்குப் பொருந்தாது. 12 கடல் மைல் தாண்டினால் மாநில அரசின் கை எட்டாது.

மிதக்கும் ஆலைகளைக் கம்பெனிகள் விரும்புவதற்குச் செலவு மட்டுமே காரணமல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மொசாம்பிக்கில் 2021 மார்ச்சில் பால்மா நகரைக் கிளர்ச்சிக்காரர்கள் தாக்கியபோது, டோட்டல் எனர்ஜீஸ் நிறுவனத்தின் கரைத் திட்டம் நின்றுபோனது. கடலில் நிற்கப்போகும் கோரல் சுல் மட்டும் தடையில்லாமல் நடந்து, சரக்கும் ஏற்றியது. கம்பெனிக்கு அது நிம்மதி. கரையில் இருப்பவருக்கு? வேலி போட நிலம் தேவையில்லை, வழிவிட ஊர் தேவையில்லை, வாயு எங்கள் ஊர் வழியாகப் போகிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட எதுவும் இல்லை. இப்படிப்பட்ட ஆலை இந்த மண்ணைத் தொடும் ஒரே இடம், அதன் நங்கூரம். அதனால்தான் கேள்வி கேட்க வேண்டிய நேரமும் நங்கூரம் பாய்ச்சுவதற்கு முன்புதான். கப்பல் வந்து நின்ற பிறகு அதைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வட்டம் போடப்படும். அப்புறம் வலை போகாது, படகு போகாது, கேள்வியும் போகாது.

குமரிக் கடலில் கேட்க நிறைய இருக்கிறது. வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளமிக்க மேட்டை 1976 மார்ச்சில் இலங்கையோடு ஒப்பந்தம் போட்டு இந்தியா தன் உரிமைக்குள் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன் மீனுக்காகப் பேசி வாங்கிய கடல். அதற்கு எவ்வளவு அருகில் உருளைகள் புதையும்? வடங்கள் ஒரு கப்பலைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் விரியும். அந்தப் பரப்பில் தூண்டில் போடும் தூத்தூர்ப் படகு எந்த வழியில் போகும்? ஒக்கியைக் கணக்கில் எடுத்தார்களா?

போகும்போது என்ன விட்டுவிட்டுப் போவார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். மிதக்கும் ஆலையின் சிறப்பே கிளம்பிப் போய்விடலாம் என்பதுதான். பிஎஃப்எல்என்ஜி சாத்து 2019-ல் சரவாக்கை விட்டுச் சபா கடலுக்கு இடம் மாறியது. நம் பிஒய்-3-இல் உற்பத்தி நிலையத்தின் ஒப்பந்தம் முடிந்து 2011-ல் எண்ணெய் நின்றது. கப்பலுக்கு அடுத்த வேலை கிடைக்கும். கடலடியில் இருக்கும் கிணற்றுக்கும் எஃகுக்கும் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்கான பணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட வைப்பது அரசின் வேலை. அந்தக் காலத்து ஐந்நூற்றுவர் பொன்னை முதலில் வாங்கிக்கொண்டார்கள், வியாபாரம் தெரிந்தவர்கள்.

எரிவாயு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் 2019-லிருந்து ஓடுகிறது. அதில் வருவது வெளிநாட்டுச் சரக்கு. அந்நியச் செலாவணியைக் கொட்டி வாங்குவதைவிட நம் கடலில் கிடைப்பதை எடுக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணியை 'பி2' பிரிவுக்கு மாற்றியது. அதன்பின் ஆய்வுக் கிணறு தோண்ட மக்களிடம் கருத்துக் கேட்கத் தேவையில்லை. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அதை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மாற்றம் அப்படியே நீடித்தது, கடிதம் கோப்புக்குள் போனது. உற்பத்திக் கட்டம் மட்டும் இன்னும், மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டிய 'ஏ' பிரிவில் இருக்கிறது. மிச்சம் இருக்கும் வாசல் அது ஒன்றுதான்.

அந்த வாசலைக் கடலுக்குள் நடக்கும் வேலை என்று காரணம் காட்டி மூடிவிடக் கூடாது. ஆழ்கடலில் வாயு கிடைத்து, உற்பத்திக்கு அனுமதி கேட்கும் நாள் வந்தால், கருத்துக் கேட்பைச் சென்னையிலோ டெல்லியிலோ அல்லாமல் குமரிக் கடற்கரை ஊர்களிலேயே நடத்த வேண்டும். நங்கூரங்கள் எங்கே புதையும், வடங்கள் எவ்வளவு தூரம் விரியும் என்ற வரைபடத்தைத் தமிழில், மீனவர் பேசும் பாகக் கணக்கில் ஆழம் போட்டு, ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு ஊரிலும் ஒட்ட வேண்டும். தேதியும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில் கூட்டத்தை வையுங்கள். அப்போதுதான் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஊரில் இருப்பார்கள்.